மாதாமாதம் சளி: வைட்டமின் ஏ கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. மாதம் தவறாமல் சளி, இருமல். வைட்டமின் ஏ குறைந்திருக்கும், சொட்டு மருந்து கொடுங்கள் என்கிறார் உறவினர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட செல்கள் உண்டு. சளியில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் அவை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளும். வைட்டமின் ஏ வெகுவாகக் குறைந்தால், அங்கே தோல்போலத் தட்டையான, வறண்ட செல்கள் வந்துவிடும். பெருக்க ஆளில்லாத வீடுதான் அப்புறம். இந்தோனேசியாவில் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் செய்த ஆய்வில், குறைபாட்டின் லேசான கண் அறிகுறி இருந்த குழந்தைகளுக்கே மூச்சுநோய் கூடுதலாக வந்தது.

சரி, குறைபாடு இல்லாத குழந்தைக்குக் கொடுத்தால்? சளி குறையாது. சாதாரண நிமோனியாவில் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோதும் பெரிய பலன் தெரியவில்லை. தட்டம்மை மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகனின் ஒரு நாள் தேவையோ சுமார் 1,000 ஐ.யு.தான்! அதனால் அந்த மருந்து மருத்துவர் கையில் இருப்பதே நல்லது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, ஈரலில் சேரும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி வரும். தடுப்பூசி அட்டையில் வைட்டமின் ஏ ஏற்கெனவே கொடுத்த பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைபாடு முதலில் கண்ணில்தான் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் மகனைக் கவனியுங்கள். பகலில் ஓடியாடுபவன் அப்போது சுவரைப் பிடித்து நடக்கிறானா, காலடியில் கிடக்கும் பொம்மையைத் தடவித் தேடுகிறானா? வெள்ளை விழியின் ஓரத்தில் நுரை படிந்ததுபோலத் திட்டு இருக்கிறதா? இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலின்போது ரத்தப் பரிசோதனை செய்து பயந்துவிடாதீர்கள். தொற்று இருக்கும்போது ரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு தானாகவே இறங்கும்.

முட்டை, பால், கீரை, கேரட் சாப்பிடுகிறான் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. கீரையிலும் கேரட்டிலும் கொஞ்சம் எண்ணெய் சேருங்கள், அப்போதுதான் சத்து உடலில் சேரும். இந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம்.

சளியை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுங்கள். அழாமல் இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.