கேளுங்க, சொல்றேன்: அலமாரி நிறைய ஜெர்சி

போன மாசம் இந்தப் பகுதியில வேற ஏதோ பேசும்போது எங்கிட்ட அறுபது ஃபுட்பால் ஜெர்சி இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கப்புறம் வந்த கடுதாசி பாதி அதைப் பத்திதான். நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துல இத்தனை பேரு ஜெர்சி சேர்க்கிறாங்கன்னு எனக்கே இப்பதான் தெரியுது. இந்த மாசம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணே, ஈப்போவுல ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பாக்குறேன். ஸ்கூல் படிக்கிறப்ப இருந்து ஜெர்சி சேர்க்கிறேன், 23 இருக்கு. என் கூட்டாளி ஒருத்தன், கையில இருக்கிற 4,000 ரிங்கிட் வெள்ளிக்கும் பழைய ஜெர்சியா வாங்கிப் போடு, அஞ்சு வருஷத்துல டபுளாகும்ங்கறான். அம்மா கேட்டுட்டு திட்டித் தீத்துட்டாங்க. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்த 4,000 தான் உன் மொத்த சேமிப்புன்னா அதைத் தொடாதே. இந்த விஷயத்துல நான் அம்மா பக்கம். நாளைக்கே மோட்டார் இஞ்சின் போச்சு, வீட்டுல யாருக்காவது ஆஸ்பத்திரி செலவுன்னா பேங்க்ல இருக்கிற காசை அட்டைய சொருகி எடுத்துடலாம், ஜெர்சிய அப்படி எடுக்க முடியாது, அதே டீம் பிடிச்ச, அதே சைஸ் போடுற, அந்த விலை குடுக்க மனசிருக்கிற ஒரு ஆள் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும், அவசரத்துல வித்தா பாதி விலைக்குத்தான் போகும்.

உன் கூட்டாளி அந்த அர்ஜென்டினா பிளேயர் மாரடோனாவோட ஜெர்சி கதைய எங்கேயாவது படிச்சிருப்பான். 1986 வேர்ல்ட் கப் குவாட்டர் ஃபைனல்ல இங்கிலாந்துக்கு எதிரா கையாலயும் ஒரு கோல், அரை மைதானத்த தாண்டி ஓடியும் ஒரு கோல் போட்டாரே, அந்த ஜெர்சி 2022 மே மாசம் லண்டன் சோத்தபிஸ் ஏலத்துல 70 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. ஆனா அந்த சட்டையோட பொறப்ப பாரு. மெக்சிகோ வெயிலுக்கு டீமோட நீல ஜெர்சி ரொம்ப கனமா இருக்குன்னு, மேட்சுக்கு முன்னாடி அவசர அவசரமா மெக்சிகோ சிட்டி கடையில வாங்குன சட்டை அது, பேட்ஜ் கையில தச்சது, நம்பர் அயன் பண்ணி ஒட்டுனது. துணிக்கு ஒரு மதிப்பும் இல்ல. மேட்ச் முடிஞ்சதும் இங்கிலாந்து பிளேயர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாரடோனாகிட்ட சட்டைய மாத்திக்கிட்டார், பல வருஷம் மான்செஸ்டர் ஃபுட்பால் மியூசியத்துல இருந்துச்சு. ஏலத்துக்கு முன்னாடி மாரடோனா குடும்பத்துல இருந்து, இது கோல் போட்ட செகண்ட் ஹாஃப் சட்டை இல்ல, ஃபர்ஸ்ட் ஹாஃப் சட்டைன்னு சொன்னாங்க, உடனே ஏலக்காரங்க பழைய ஃபோட்டோவோட பேட்ஜ், கோடு, நம்பர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா ஒப்பிட்டுக் காட்டினாங்க. காசு வந்தது அந்தக் கதைக்கும் ஆதாரத்துக்கும். நீயும் நானும் கடையில வாங்குற ஜெர்சிக்கு அந்த ரெண்டும் கிடையாது.

பெரிய கிளப்புங்க வருஷத்துக்கு சொந்த மைதானத்துக்கு ஹோம், வெளியூருக்கு அவே, மாத்துக்கு தேர்டுன்னு மூணு விடுறாங்க, ஒவ்வொண்ணும் எக்கச்சக்கமா விக்கிது. அடுத்த சீசன் வந்ததும் அதே கடையில சேல் போட்டு தொங்க விடுவாங்க. அப்புறம் எப்படி சில பழைய ஜெர்சிக்கு விலை ஏறுதுன்னு கேட்டா, சின்ன வயசுல அந்த டீமைப் பாத்துட்டு ஜெர்சி வாங்க காசில்லாம ஏங்குன பையன் இருவது வருஷம் கழிச்சு சம்பளம் வாங்குறான், தேடி வர்றான், அவ்வளவுதான். அவன் பெரிய ஆளாயிட்டதால எல், எக்ஸெல் சைஸ்தான் கேப்பான், சின்னப் பசங்க சைஸ் நகராது. எந்த ஜெர்சிக்கு அந்த ஏக்கம் வரும்னு இன்னைக்கே சொல்ல என்னால முடியாது, உன் கூட்டாளியாலயும் முடியாது.

அதனால மாசம் ஒரு 50 வெள்ளி, போனா போகட்டும்னு விட முடியற காசு, அதுல சேரு. வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க: இதை யாருமே வாங்க வரலன்னாலும் நான் ஆசையா வெச்சிருப்பேனா? ஆமான்னா வாங்கு. இன்னொண்ணு, எல்லாரும் லிவர்பூல், மான்செஸ்டர்னு ஓடுறாங்க, நம்ம பேராக், சிலாங்கூர் டீமோட பழைய ஜெர்சிய யாரும் பத்திரப்படுத்துறதில்ல, வீடு தொடைக்க போட்டுடறாங்க. 2010 டிசம்பர்ல நம்ம கே. ராஜகோபால் கோச்சா இருந்து மலேசியா தென்கிழக்காசிய சுசுகி கப் ஜெயிச்சுது, ஃபைனல்ல இந்தோனேசியாவ புக்கிட் ஜலீல்ல 3-0, ஜகார்த்தாவுல 1-2 தோத்தும் மொத்தத்துல 4-2. அந்த வருஷத்து ஜெர்சி எங்கேயாவது கண்ணுல பட்டா நான் யோசிக்கவே மாட்டேன்.

கேள்வி: பண்டல் (பழைய துணி) கடையில 1990 வேர்ல்ட் கப் அர்ஜென்டினா ஜெர்சி, முதுகுல மாரடோனா பேரோட, 120 வெள்ளிக்கு வாங்கினேன். ஒரிஜினலான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: வருத்தமாத்தான் இருக்கு, ஆனா சொல்லியாகணும். 1990ல முதுகுல பேரே கிடையாது, வெறும் நம்பர்தான். வேர்ல்ட் கப்ல பேர் போட ஆரம்பிச்சது 1994 அமெரிக்காவுல. சட்டை ஒரிஜினலா இருந்து பின்னால யாரோ பேர் ஒட்டியிருக்கலாம், அதுக்கும் வாய்ப்பிருக்கு, கழுத்து லேபிளையும் தையலையும் பாரு, ஆனா மாரடோனா பேருக்காக விலை சேத்துக் குடுத்திருந்தா அந்தக் காசு போச்சு.

இந்த மாதிரி வருஷக் கணக்குதான் முதல் பரிசோதனை, அதுக்கு காசே ஆகாது. மான்செஸ்டர் யுனைடெட்னா 1982ல இருந்து 2000 வரைக்கும் நெஞ்சுல ஸ்பான்சர் பேரு ஷார்ப், அப்புறம் 2006 வரைக்கும் வோடஃபோன். சட்டை கம்பெனி 1992 வரைக்கும் அடிடாஸ், அதுக்கப்புறம் 2002 வரைக்கும் அம்ப்ரோ, பிறகு 2015 வரைக்கும் நைக்கி, அதுக்கப்புறம் மறுபடியும் அடிடாஸ். வோடஃபோனும் ஷார்ப் காலத்து டிசைனும் ஒண்ணா இருந்தா கீழ வெச்சுட்டு வந்துடு. இன்னொரு நுணுக்கம், 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஜெர்சின்னு சொல்லி கழுத்துல ஜிப் வெச்சதை விப்பாங்க, ஜிப் வெச்சது லீக் மேட்ச் ஜெர்சி, ஐரோப்பா மேட்சுக்கு தனி டிசைன் போட்டாங்க. ரெண்டுமே ஒரிஜினலா இருக்கலாம், ஆனா பேரு மாறினா விலையும் மாறும்.

2000க்கு அப்புறம் வந்த நைக்கி, அடிடாஸ்னா உள்பக்கம் சின்ன லேபிள்ல அந்த டிசைனுக்குன்னு ஒரு கோடு (code) நம்பர் இருக்கும். ஃபோன்ல தேடிப் பாரு, அதே சட்டை வரணும். டூப்ளிகேட் அடிக்கிறவங்க ஒரே கோடை பத்து டீமுக்கு போட்டுடுவாங்க, பார்சிலோனா சட்டையில இருக்கிற கோடை தேடினா வேற நாட்டு டீம் வந்து நிக்கும். கோடு சரியா இருந்தாலும் அது மட்டும் போதாது, சரியான கோடையே காப்பியடிச்ச சட்டையும் இருக்கு. பிளேயர் இஷ்யூ, அதாவது ஆட்டக்காரங்களுக்குன்னே செஞ்சதுன்னு சொன்னா பேட்ஜை தடவிப் பாரு, இப்ப வர்றதுல பிளேயர் ஜெர்சி பேட்ஜ் பெரும்பாலும் சூட்டுல ஒட்டுனது, ஃபேன் ஜெர்சி பேட்ஜ்தான் தச்சது. நிறைய பேரு தச்சது உசத்தின்னு நெனச்சு ஏமாறாங்க. நானும் ஒரு பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) 180 வெள்ளி குடுத்து ஏமாந்தவன்தான், வீட்டுக்கு வந்து லைட்டு வெளிச்சத்துல பாத்தப்பதான் தெரிஞ்சுது, ராத்திரியில இனிமே ஒண்ணும் வாங்குறதில்லன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்.

கேள்வி: மழைக் காலம் வந்தா அலமாரியில பூஞ்சை புடிக்குது, நம்பர் எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. என்ன வழி?

பதில்: உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி பச்சைத் தண்ணியில துவைங்க, நிழல்ல காய போடுங்க, பிரிண்ட் மேல அயன் படவே கூடாது. நல்லா காயாம மடிச்சா பூஞ்சை நிச்சயம். ரெண்டு பிரிண்ட் ஒண்ணோட ஒண்ணு படாம நடுவுல வெள்ளைத் தாள் வைங்க, நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் பையில கட்டிப் போடாதீங்க. அந்துருண்டையும் வேணாம், வாடை போகவே போகாது. ஈரம் இழுக்கிற சிலிக்கா பாக்கெட் போட்டு, மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து காத்தாட விடுங்க.

கேள்வி: அண்ணா, எங்க அப்பா 80கள்ல தோட்டத்து டீமுக்கு ஆடினவர். அந்த ஜெர்சி ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கு, காலர் வெச்ச காட்டன் சட்டை, முதுகுல துணியில வெட்டித் தச்ச 6. தோட்டமே இப்ப இல்ல, வீட்டு மனையாயிடுச்சு. இதுக்கு ஏதாவது விலை இருக்குமா? தம்பி தூக்கிப் போடுங்கறான்.

பதில்: தூக்கிப் போடாதம்மா, தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. விலைன்னு கேட்டா, ஏலத்துல யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா எங்கிட்ட இருக்கிற அறுபதையும் ஒரு பக்கம் வெச்சு இதை ஒரு பக்கம் வெச்சா நான் இதைத்தான் எடுப்பேன். கடையில வாங்குன ஜெர்சி தொலைஞ்சா இன்னொண்ணு எங்கேயாவது கிடைக்கும், இதுக்கு இன்னொண்ணு கிடையாது.

உங்க அப்பா காலத்துல சாயங்காலம் வேலை முடிஞ்சா திடல்லதான் ஊரே இருக்கும், தீபாவளி கப்புக்கு பக்கத்து தோட்டம் லாரியில ஆள் ஏத்திக்கிட்டு வரும். ஸ்பைடர்மேன்னு நாடே கூப்பிட்ட கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்த பாத்துட்டு அந்த வயசுப் பசங்க அத்தனை பேரும் போஸ்டுக்கு நடுவுல நிக்க அடிச்சுக்குவாங்க. செம்பனையும் வீடமைப்பும் வந்து திடல் போச்சு, ஆளுங்க டவுனுக்கு போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது இந்த மாதிரி நாலு சட்டையும் நாலு ஃபோட்டோவும்தான்.

சட்டைய அவசரப்பட்டு துவைச்சுடாதே, கறை இருந்தா இருக்கட்டும், பழைய காட்டன் தண்ணி பட்டா தையல்ல விட்டுடும். கம்பியில தொங்க விடாம வெள்ளைத் துணியில சுத்தி படுக்க வை. மெயின் வேலை அது இல்ல. மாரடோனா சட்டைக்கு ஆதாரம் தேடினாங்கன்னு மேல சொன்னேன்ல, உங்க அப்பா சட்டைக்கு ஆதாரம் அப்பாவேதான். அவர் பக்கத்துல உக்காந்து டீம் ஃபோட்டோ இருந்தா எடுத்து வெச்சு, யாரு யாரு, எந்த லயம், எந்த வருஷம், 6 நம்பர் தச்சுக் குடுத்தது யாருன்னு கேட்டு எழுது, ஃபோன்ல அவர் குரலையும் பதிவு பண்ணிக்க. எங்க சித்தப்பா டீம் ஃபோட்டோ எங்கிட்ட இருக்கு, பதிமூணு பேரு நிக்கிறாங்க, பின் வரிசையில இடது ஓரத்துல கைய கட்டிக்கிட்டு சிரிக்கிறவர் யாருன்னு சொல்ல இன்னைக்கு ஒருத்தரும் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமையே அப்பாகூட உக்காந்துடும்மா.