இடது கை வலிக்கிறது, ஹைட்ராலிக் கிளட்ச் போடலாமா?

கேள்வி: அண்ணே, நான் தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போகிறேன். யமாஹா ஒய்15 மோட்டார் சைக்கிள், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலை ஜேமில் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு விண்ணென்று வலிக்கிறது. கேபிளைத் தூக்கிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிட் போட்டால் பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– ஒரு வாசகர், பிறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் கனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத்தான் உங்கள் விரல்கள் எதிர்க்கின்றன. கேபிள் இழுத்தாலும் எண்ணெய் தள்ளினாலும் அது அதே ஸ்பிரிங்தான். ஹைட்ராலிக்கில் குறைவது கேபிள் உறைக்குள் இருக்கும் உராய்வு மட்டும்தான். அதற்கும் மேல் பஞ்சு மாதிரி வேண்டுமென்றால் லீவர் பக்கம் எண்ணெயைத் தள்ளும் மேல் பிஸ்டனைச் சின்னதாக்க வேண்டும், அப்படிச் செய்தால் கீழே கிளட்ச் பக்கம் கிடைக்கும் நகர்வு குறைந்து, தட்டுகள் முழுதாகப் பிரியாமல், சிவப்பு விளக்கில் நியூட்ரல் விழ மறுக்கும், கியர் போட்டால் மோட்டார் தானாக முன்னால் இழுக்கும். ஃபேக்டரியிலேயே ஹைட்ராலிக்காக வரும் பெரிய மோட்டார்களில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்கிறார்கள். தட்டு தேயத் தேயத் தானாகவே சரிசெய்துகொள்ளும், என்ஜின் சூட்டில் லீவர் பிடி மாறாது, அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. உங்கள் என்ஜினுக்கு அளவு பார்க்காத கிட்டில் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

சரி, சோதனை. என்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை மட்டும் இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கரகரவென்று வந்தால் குற்றவாளி கேபிள்தான். பாலத்தில் தினமும் உப்புக் காற்று வாங்கும் மோட்டாருக்கு இது சாதாரணம். புது ஒரிஜினல் கேபிள் போடுங்கள், ஹேண்டில் அருகே கூர்மையாக வளையாமல் ஓடவிடுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை லூஸ் இருப்பது பெரும்பாலான சின்ன மோட்டார்களுக்குச் சரி, உங்கள் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லூஸே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கித் தட்டு கருகும்.

லீவர் வழுக்கிக்கொண்டு வந்தால் பிரச்சினை என்ஜின் பக்கம். பழைய சொந்தக்காரர் ரேசுக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். ஒய்15 வைத்திருக்கும் பையன்கள் நிறையப் பேர் செய்கிற வேலை அது. அதை எடுத்துவிட்டு ஒரிஜினல் ஸ்பிரிங்கைப் போட்டாலே கை பாதி தப்பிக்கும். அப்புறம் லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி வையுங்கள். லீவு நாளிலும் வலித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. கேபிள் முன்கூட்டியே சொல்லும், லீவர் முனையில் நூல் நூலாகப் பிரிய ஆரம்பிக்கும். நான் அதைக் கவனிக்காமல் விட்டு, ஒரு மழை நாளில் அதே பாலத்தில், தீவுப் பக்கம் இறங்குவதற்கு முன்னால் அறுந்துபோனது. கிளட்ச் இல்லாமலே கியரைக் குறைத்து, நியூட்ரலில் ஓரம் சேர்ந்தேன். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் அந்த இடம் வரை வந்ததே பெரிது. அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு கேபிள் எப்போதும் இருக்கும்.

கேள்வி: என் மோட்டாரில் ஃபேக்டரி ஹைட்ராலிக் கிளட்ச். மேலே குப்பியில் எண்ணெய் பழுப்பாகிவிட்டது. ஊற்றி நிரப்பினால் போதுமா?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: போதாது, முழுவதும் மாற்றுங்கள். இந்தக் கிளட்சிலும் பெரும்பாலும் இருப்பது பிரேக் எண்ணெய்தான். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும், அதனால் 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. மூடியில் டாட் 4 (DOT 4, பிரேக் எண்ணெயில் ஒரு வகை) என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். சில மோட்டார்களில் மினரல் எண்ணெய். இரண்டையும் மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். டாட் 4 டாங்க்கில் சிந்தினால் பெயிண்ட் உரியும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.