கல் தோடு: கேட்டவையும் சொன்னவையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் வீட்டில் வளர்ந்தேன். இப்போது வெள்ளியில் கல் தோடு கட்டுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோர்த்த கல் வாங்கினால் அதன் ஓட்டையைப் பாருங்கள். கல்லின் நிஜம் அங்கேதான் தெரியும்.

அஸ்தம்பட்டி: டர்க்காய்ஸ் என்று சொல்லி நீல நிறக் கல் வைத்த ஒரு ஜிமிக்கி கொடுத்தார்கள். வேர்த்தால் கழுத்தில் நீலம் ஒட்டுகிறது.

சாயம் ஏற்றிய கல் அது. அநேகமாக மேக்னசைட், அதாவது நம் சேலத்து வெள்ளைக்கல் வகை. நுண்துளை உள்ள கல் என்பதால் சாயத்தை நன்றாகக் குடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, வெளியே தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் சாயம். ஓட்டையின் விளிம்பு உள்ளே வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

நிஜ டர்க்காய்ஸுக்கு நிறம் தருவது செம்பு. ஈரானில் நிஷாப்பூர்ச் சுரங்கத்துக் கல்லுக்குப் பெரிய பெயர். அதை அணிந்தவன் குதிரையிலிருந்து விழமாட்டான், ஆபத்து வந்தால் கல் நிறம் மாறும் என்று அந்தப் பக்கம் நம்பினார்கள். நிறம் மாறுவது உண்மைதான். எண்ணெய், வேர்வை, சென்ட் எல்லாவற்றையும் அந்தக் கல் இழுத்து, நாளடைவில் பச்சை பாயும். அதைப் பார்த்தவர்கள்தான் அப்படி ஒரு கதை கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓமலூர்: எங்கள் அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நம் ஊர்க் கல்லைப் போலி என்கிறீர்களே அக்கா?

கல்லைச் சொல்லவில்லை தம்பி, பெயர் மாற்றி விற்பதைத்தான் சொல்கிறேன். உருக்கு உலைக்குள் அடுக்கும் செங்கல் ஆகிற கல் அது. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே அதன் பெயரில் இருக்கிறது. அதற்கு எதற்கு இன்னொரு கல்லின் பெயர்?

சங்ககிரி: ரிஷப ராசிக்கு எந்தக் கல் தோடு?

அது ஜோசியரைக் கேட்க வேண்டிய கேள்வி. கல் நிஜமா, உடையுமா, எப்படிக் கட்டலாம் என்பது என் வேலை.

ஆத்தூர்: சந்திரகாந்தக் கல் நிலா வெளிச்சத்தில் நீர் விடுமாமே?

பழைய நம்பிக்கை அது, எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. நீர் விட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் காங்கேயம் பக்கத்துக் கல் ஒன்றை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினால், உள்ளே பால் போல ஒரு வெளிச்சம் கல்லோடு சேராமல் தனியே நகரும். கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்லிய அடுக்கடுக்காக இருப்பதால் வெளிச்சம் அதில் சிதறி அப்படித் தெரிகிறது. நீரில் நிலா அசைவது மாதிரியே இருக்கும், கதை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் தட்டினால் பிளந்துவிடும். அதனால் நான் முள் வைத்து இறுக்குவதில்லை, சுற்றிலும் வெள்ளித் தகடு வளைத்துத்தான் கட்டுவேன். மோதிரத்தைவிடத் தோடுதான் இதற்குப் பாதுகாப்பு, இடிபடாது.

அம்மாபேட்டை: கன்னி ராசிக்கு?

சங்ககிரிக்குச் சொன்னதேதான்.

ஓமலூர்: மறுபடியும் நான்தான் அக்கா. சாயம் போட்டால் என்ன தப்பு? துணிக்குப் போடவில்லையா? அழகாகத்தானே இருக்கிறது?

அழகுதான். சேலைக்குச் சாயம் போட்டால் சாயம் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பருத்தியைப் பட்டு என்று விற்றால் நம் சேலத்து நெசவாளர் சும்மா விடுவாரா? சாயம் ஏற்றிய வெள்ளைக்கல் என்று பில்லில் எழுதிக் கொடுத்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

உங்கள் அப்பாவிடம் பழைய கட்டி ஏதாவது இருந்தால், கையகலம் போதும், கொண்டுவாருங்கள். பீங்கான் போல வெண்மையாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். சாயம் வேண்டாம், வெள்ளையாகவே மெருகேற்றி அம்மாவுக்கு ஒரு ஜோடி கட்டித் தருகிறேன். மென்மையான கல், எலுமிச்சை, வினிகர் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

சூரமங்கலம்: கவரிங் கொக்கி போட்டால் காது புண்ணாகிறது.

பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைதான். 92.5 வெள்ளிக் கொக்கிக்கு மாற்றுங்கள். புண் ஆறும்வரை எதையும் போடாதீர்கள், ஆறவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

ஏற்காடு: முத்துத் தோடு மங்கிவிட்டது.

சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் முத்தைப் போட வேண்டும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் தனிப் பையில் வையுங்கள். மேல் பூச்சு உரிந்திருக்கிறதா என்று அதிலும் ஓட்டையின் ஓரத்தை ஒரு முறை பாருங்கள்.