எந்தச் சிலிண்டர் என்று முதலில் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய லாரிகளின் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது) பற்றியவை. அவற்றில் பாதியில் வண்டி பெட்ரோலா டீசலா என்றுகூட இல்லை. புரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பழைய வண்டி. மிஸ் அடிக்கிறது. என்ன காரணம்?

குறைந்தது இருபது காரணங்கள் உண்டு. எரிபொருள் எது, எத்தனை சிலிண்டர், குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, ஐட்லிங்கிலா இழுவையிலா, புகை என்ன நிறம் என்று எழுதி அனுப்புங்கள். அதில் பதினைந்து காரணங்கள் தாமாகவே விழுந்துவிடும்.

கேள்வி: ஆறு சிலிண்டர் டீசல், பழைய இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தி அனுப்புவது). காலையில் ஐட்லிங்கில் வண்டியே குலுங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது. கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. பம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பலாமா?

பம்ப்பில் கை வைக்காதீர்கள். அது கடைசி வேலை. முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்.

காலையில் குலுங்கும்போதே, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பிரஷர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். தளர்த்தியதும் இன்ஜின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்திருக்கிறது. தளர்த்தியும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை என்றால் நீங்கள் தேடுவது அதைத்தான். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவதிலேயே அகப்பட்டுவிட்டது என்று நிறுத்தாமல் ஆறையும் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, நட்டின் மேல் ஒரு துணி, மூன்றும் கட்டாயம்.

தளர்ந்த நட்டில் டீசல் துடித்துத் துடித்துக் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் பம்ப் அந்தச் சிலிண்டருக்கு அனுப்பவே இல்லை. அப்போது பம்ப்பைப் பற்றிப் பேசலாம். கசிந்தும் மாற்றமில்லை என்றால் அந்த நாசிலையும் நன்றாக வேலை செய்யும் ஒரு நாசிலையும் இடம் மாற்றுங்கள். கோளாறு நாசிலோடு நகர்ந்தால் நாசில். அதே சிலிண்டரில் நின்றால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடம்), பிறகு கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு). நல்ல டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் 25 முதல் 30 பார் வரை இருக்கும். அந்த எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் முக்கியம்.

வெள்ளைப் புகையை முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். இனிப்பு வாடையும், ரேடியேட்டரில் குறையும் கூலன்டும் சேர்ந்தால் சிலிண்டர் ஹெட்டின் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: என் வண்டி காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை). நட்டைத் தளர்த்திப் பார்க்கும் முறை இதற்கும் உண்டா?

கிடையாது. இன்ஜின் ஓடும்போது ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். ரெயிலில் அழுத்தம் 1,000 பாரை எளிதாகத் தாண்டும். அந்தத் தாரை கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இராது; உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வண்டியில் ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு நாசிலிலிருந்தும் திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலை அளந்தும் பார்க்கலாம்.

கேள்வி: டிஸ்டிரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துத் தருவது) உள்ள பெட்ரோல் வண்டி. மழை நாளில் மட்டும் மிஸ் அடிக்கிறது.

டிஸ்டிரிப்யூட்டரின் கேப், அதனுள் சுற்றும் ரோட்டார், பிளக் வயர், இவற்றைப் பாருங்கள். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடுகிறது. துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை மட்டும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பிளக் வயர்களை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். இப்போது கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது.

வயர்களை மாற்றி மாட்டிவிட்டீர்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை நான்கு சிலிண்டருக்குப் பெரும்பாலும் 1-3-4-2, ஒரே வரிசையில் நிற்கும் ஆறுக்குப் பெரும்பாலும் 1-5-3-6-2-4. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். இனிமேல் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

கேள்வி: எட்டு சிலிண்டர் பெட்ரோல், 20 வயதுக்கு மேல். பி 0305 என்ற கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் பிழைக் குறியீடு) வந்தது. பிளக், வயர், காயில் (பிளக்குக்கு அதிக வோல்ட் தருவது) எல்லாம் புதிது போட்டோம். ஐந்தாவது இன்ஜெக்டரையும் மாற்றினோம். பிறகு லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று வந்ததால் ஆக்ஸிஜன் சென்சரும் மாற்றினோம். மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றலாம்?

வேலை செய்யும் முறையை. இந்த மாதிரிக் கடிதம் வராத மாதமே இல்லை. பை நிறையப் புதுச் சாமான், கையில் ஒரு அளவுகூட இல்லை!

அந்தக் கோடு ஐந்தாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. கம்ப்யூட்டர் உங்கள் பிளக்கைப் பார்ப்பதில்லை. ஐந்தாவதன் முறை வரும்போது கிராங்க் வேகம் ஒரு நொடிப்பொழுது தளர்வதை கிராங்க் சென்சர் வழியாகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். தளர்ந்ததற்குக் காரணம் ஸ்பார்க்காக இருக்கலாம், பெட்ரோலாக இருக்கலாம், கம்ப்ரஷனாக இருக்கலாம். முதல் இரண்டுக்கும் சாமான் வாங்கிக் குவித்துவிட்டு, மூன்றாவதை அளந்துகூடப் பார்க்கவில்லை.

காயிலைச் சந்தேகப்பட்டால் ஐந்தாவதை ஏழாவதில் மாட்டியிருக்க வேண்டும். கோடு பி 0307 ஆக மாறினால் காயில். மாறாவிட்டால் காயில் நிரபராதி. இதற்கு ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். ஆக்ஸிஜன் சென்சர் கதை இன்னும் மோசம். எரியாத சிலிண்டர் தான் இழுத்த காற்றை அப்படியே சைலன்ஸருக்குத் தள்ளுகிறது. சென்சர் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்று சரியாகவே சொல்லியிருக்கிறது. உண்மை சொன்னவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள்.

பழைய பிளக்குகளைக் குப்பையில் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். மற்றவை பழுப்பாக இருக்க, அது மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது. இனியாவது கழற்றும் பிளக்கில் சிலிண்டர் எண்ணை எழுதி வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இன்ஜினைச் சூடாக்கி எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி கம்ப்ரஷன் எடுங்கள். பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ வரும். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஐந்தாவது குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அளவு சரியாகவே இருந்தாலும் வால்வு கவரைக் கழற்றி, ராக்கர்கள் எல்லாம் ஒரே உயரத்துக்கு அசைகின்றனவா என்று பாருங்கள். தேய்ந்த கேம் கம்ப்ரஷன் கேஜை ஏமாற்றிவிடும். எண்களை எழுதி அனுப்புங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐட்லிங்கில் மட்டும் மிஸ் அடிக்கிறது; ரேஸ் கொடுத்தால் சரியாகிறது. நண்பர் வண்டியில் நேர்மாறாக மேட்டில் மட்டும்.

உங்களுடையது பெட்ரோலாக இருந்தால் வேக்கம் கசிவு: வெடித்த ரப்பர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். நண்பருடையது பலவீனமான ஸ்பார்க். லோடில் சிலிண்டரில் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். கிழட்டுக் காயிலுக்கும் அகன்ற பிளக் இடைவெளிக்கும் அது முடியாது. பெட்ரோல் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. லோடை இறக்கிவிட்டு வந்து பார்க்கலாமா?

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் போய்ச் சேரலாம். மிஸ்ஸிங்கோடு மின்னினால் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

கேள்வி: டேப்பட் சத்தமே இல்லை, அவ்வளவு நன்றாக செட் செய்திருக்கிறேன். ஆனால் சூடேறினால் மிஸ் அடிக்கிறது.

சத்தம் இல்லாததுதான் சந்தேகம். இடைவெளி போதாமல் இறுகிய டேப்பட் வாய் திறக்காது. சூட்டில் வால்வு நீண்டு, சீட்டில் முழுதாக உட்காராமல் ஓரம் எரிந்துபோகும். காதால் செட் செய்யாதீர்கள்; இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் எதற்கு இருக்கிறது?

கேள்வி: நாசில் சர்வீஸ் செய்து மாட்டியபின் ஒரு சிலிண்டரிலிருந்து சுக் சுக் என்று சத்தம், சுற்றிலும் கரி.

பழைய செம்பு வாஷர் ஹெட்டின் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதியதையும் போட்டிருப்பீர்கள். கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். ஒரு நாசிலுக்கு ஒரு வாஷர், அதுவும் புதியது.

கேள்வி: கம்ப்ரஷன் எடுத்தேன். இரண்டும் மூன்றும் மட்டும் பாதி அளவு, ஆயில் விட்டும் ஏறவில்லை.

அளந்துவிட்டு எழுதியதற்கு நன்றி. அடுத்தடுத்த இரண்டு ஒன்றாகக் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை இறக்கியதும் வளைவைப் பாருங்கள்: நேர்விளிம்பு வைத்து, கீழே ஃபீலர் கேஜ். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டால் சில மாதங்களில் மறுபடி கழற்ற வேண்டிவரும். நீளும் வகை போல்ட் என்றால் பழையதை மறுபடி போடாதீர்கள். இறுக்கும் வரிசையும் டார்க் அளவும் உங்கள் இன்ஜினின் மேனுவலில் இருக்கும்.