புண்ணைக் கிளறுவதா, ஆற்றுவதா?

கேள்வி: போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை, சிகிச்சை என்ற பெயரில் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்களாமே! மறக்க நினைப்பவரிடம் இப்படிப் புண்ணைக் கிளறலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நியாயமான ஐயம். ஆனால், மறக்க முயல்வதே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் இந்நோயை வளர்க்கிறது என்பதுதான் அச்சிகிச்சையின் அடிப்படை. ஹோட்டலுக்குப் போனால் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவேன் என்று ஒரு வீரர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து எதுவும் நேராததற்குக் காரணம் அந்த நாற்காலிதான் என்று அவர் மனம் நம்பிவிடுவதால், கூட்டம் ஆபத்தற்றது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய சிகிச்சையில், அந்த வீரர் கண்களை மூடி, பேரதிர்ச்சி நேர்ந்த நாளின் நிகழ்வுகளை இப்போது நடப்பதைப் போலவே சொல்கிறார். பதற்றம் எவ்வளவு என்று இடையிடையே நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார். அந்த ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்கிறார். பயந்து ஒதுக்கிய கடைவீதிக்கும் படிப்படியாகப் போய்ப் பழகுகிறார். இன்னொரு உளவியலாளரான பட்ரீசியா ரெசிக்கின் 12 அமர்வுச் சிகிச்சையோ, 'என்னால்தான் அவன் செத்தான்' என்பது போன்ற முடிவுகளை ஆதாரத்தோடு எடைபோட வைக்கிறது. இறந்தவர்களை மனத்தில் சுமப்பவர்களுக்கு அச்சத்தைவிடக் குற்றவுணர்வே பெரிய பாரம் என்பது என் எண்ணம்.

இவை சர்வரோக நிவாரணிகள் அல்ல. வீரர்களிடையே நடந்த சோதனைகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, கணிசமானோர் தேறியிருந்தாலும், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் நீடித்தது தெரிந்தது. பாதியில் விட்டுப் போனவர்களும் பலர்.

கேள்வி: வியட்நாம் வீரர்களில் எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய இந்த மன அழுத்தக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஏறியதே 1980-இல்தான். நாடாளுமன்ற உத்தரவின்படி நடந்த தேசிய ஆய்வு, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு அப்போதும் நோய் இருந்ததாகவும், சுமார் 30 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் எப்போதாவது இருந்ததாகவும் கண்டது. 2006-இல் அதே தரவுகளை ராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அளவுகோலையும் கடுமையாக்கிப் பார்த்தபோது, அவை முறையே 9.1, 18.7 என்று குறைந்தன. ஆனாலும், களத்தில் பட்ட துயரம் கூடக்கூட நோயும் கூடியது என்பது மாறவில்லை.

கேள்வி: கொடுங்கனவுகளுக்கு ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்களாமே?
– வாசகர், திருச்சி

பதில்: பிரசோசினைச் சொல்கிறீர்கள். சிறிய ஆய்வுகளில் நன்கு பலனளித்த அம்மருந்து, 304 முன்னாள் வீரர்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தற்ற போலி மாத்திரையை விஞ்சவில்லை. மிகவும் நிலைகுலைந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்காதது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினர். 2023-இன் அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டி, கொடுங்கனவுகளுக்கு மட்டும் அதை மென்மையாகப் பரிந்துரைக்கிறது.