பழைய பென்ஸில் மங்கும் மீற்றர் வெளிச்சம்

கேள்வி: தந்தையார் வைத்திருந்த 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 காரில் இரவில் கல்முனை வீதியால் வரும்போது வேகமானியின் எண்கள் தெரிவதேயில்லை. எல்.ஈ.டி. மின்குமிழ்களைப் பொருத்தலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: அவசரப்பட வேண்டாம். பயணத்தூரக் கணக்கைப் பூச்சியமாக்க அழுத்தும் அதே திருகுதான் மீற்றர் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிறது. அதனைப் பலமுறை இரு பக்கமும் திருப்பும்போது வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால், அதற்குப் பின்னாலுள்ள தடைச்சுருளில் களிம்பேறியிருக்கிறது என்று கொள்ளலாம். கடற்காற்றடிக்கும் கல்லடியில் இது வியப்பன்று. சுருளைத் துப்புரவாக்குவதே முதல் வேலை.

மீற்றர்த் தொகுதியைக் கழற்றும்போது பற்றரியின் இணைப்பை நீக்கிவிட்டு, மெதுவாக முன்னே இழுக்க வேண்டும். ஒயில் அழுத்தமானிக்கு எஞ்சினிலிருந்து ஒயிலையே கொண்டுவரும் மெல்லிய குழாயும் வேகமானிக் கேபிளும் பின்புறம் பூட்டப்பட்டிருப்பதால், வெடுக்கென இழுத்தால் காற்சட்டையும் கம்பளமும் ஒயிலில் நனையும்.

எல்.ஈ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் அந்தத் திருகுக்குச் சரியாகக் கட்டுப்படாது. வெளிச்சமும் திட்டுத்திட்டாக விழும். எனவே, அதே வாற்றளவுள்ள இழை மின்குமிழ்களையே நான் விரும்புவேன். பற்றரி மின்னேற்ற எச்சரிக்கை விளக்கை மட்டும் எக்காரணங்கொண்டும் எல்.ஈ.டி.யாக மாற்றாதீர்கள்; ஒல்ற்றனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பற்றரியை மின்னேற்றும் மின்பிறப்பாக்கி) மின்னேற்றத் தொடங்குவதற்கான மின்னோட்டம் அந்த விளக்கின் இழை வழியாகவே செல்கிறது.