63 கூட்டிகள்

அன்புள்ள ஐயா,

64 எட்டு-பிட் எண்களைக் கூட்டும் சர்க்யூட்டை கிளாஷில், அதாவது ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை ஒட்டிய ஹார்டுவேர் மொழியில், எழுதினேன். உள்ளே, சுழியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு ஃபோல்டெல் (foldl), அவ்வளவுதான். சிமுலேஷனில் விடை சரி. எஃப்பிஜிஏ (வேண்டிய சர்க்யூட்டாக அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டில் 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் சில வேளைகளில் தப்பாக வருகிறது. ஹாஸ்கெல் வழி ஹார்டுவேருக்கு ஒத்துவராதோ? வழக்கமான ஹார்டுவேர் மொழியான வெரிலாக்குக்கே திரும்பிவிடட்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெரிலாக் படியுங்கள், நல்லதுதான். கிளாஷ் கடைசியில் எழுதித் தருவதும் அதைத்தானே. ஆனால் இதே கணக்கை அங்கே ஒரு ஃபார் லூப்பில் எழுதினாலும் இதே தொல்லைதான். மொழியின் மேல் பழி போடாதீர்கள்.

உங்கள் சிமுலேஷனுக்குக் கம்பியின் தாமதம் தெரியாது. சிக்னல் நேரத்துக்குள் போய்ச்சேருமா என்று கணக்கிட்டுச் சொல்லும் டைமிங் ரிப்போர்ட்டுக்குத் தெரியும். அதை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. ஸ்லாக், அதாவது மிச்சமிருக்கும் நேரம், மைனஸில் நிற்கும் டிசைனை யாராவது போர்டில் ஏற்றுவார்களா?

ஃபோல்டெல்லுக்கு வருகிறேன். மென்பொருளில் அது ஒரு சுற்று. இங்கே அது ஒரு வடிவம். முதல் கூட்டியின் விடை இரண்டாவதற்கு, அதன் விடை மூன்றாவதற்கு என்று, தொடக்கச் சுழியத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டால், 63 கூட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும். ஒன்றுக்கு 1 நானோநொடி என்று வைத்தாலும் 63 ஆகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக்குக்குக் கிடைப்பது 10 நானோநொடிதான். ஃபோல்டு (fold) என்று எழுதுங்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து மரமாகும்: 32, 16, 8, 4, 2, 1. கூட்டிப் பாருங்கள், அதே 63! ஒரு கூட்டிகூடக் குறையவில்லை, ஆனால் சிக்னல் கடக்க வேண்டியது 6 மட்டுமே. நீங்கள் நீக்கியதோ ஓர் எழுத்தும் தொடக்கச் சுழியமும். இதற்காகத்தான் ஹாஸ்கெல் வழி மொழிகளை விடாமல் சொல்கிறேன்: சர்க்யூட்டின் வடிவம் ஃபங்ஷனின் பெயரிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாத செயலுக்குத்தான் இந்த மாற்றம் செல்லும். சாதாரணக் கூட்டலுக்குச் சரி. குறியுள்ள எண்களில், உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும் சாச்சுரேட்டிங் கூட்டலுக்குச் சரிப்படாது.

பிட் அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 64 × 255 = 16320, அதற்கு 14 பிட் வேண்டும். கூட்டுவதற்கு முன்பே அகட்டுங்கள். பிறகு அகட்டினால் வழிந்துபோன கேரி, அதாவது மேல் இடத்துக்கு ஏறும் பிட், திரும்பாது.

மரமும் போதவில்லையென்றால், 64ஐ எட்டு எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஃபோல்டு செய்து, வரும் 8 விடைகளையும் அடுத்த கிளாக் வரை வைத்திருக்கும் ரெஜிஸ்டரில் பிடித்து, பிறகு அவற்றைக் கூட்டுங்கள். விடை ஒரு கிளாக் தள்ளி வரும். ‘விடை தயார்’ என்று சொல்லிக் கூடவே ஓடும் வேலிட் சிக்னலையும் அதே ஒரு கிளாக் தள்ளுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கிளாஷின் டிசிக்னல் (DSignal) என்ற சிக்னல் வகை இந்தத் தாமதத்தை டைப்பிலேயே எழுதிவைக்கிறது. தாமதம் பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் கம்பைலரே தடுத்துவிடும்.

மாற்றிவிட்டு, ஸ்லாக் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.